பன்னிரண்டு முதல் மூன்று வரை

நான்காவது போல்ட்டை முறுக்கும்போது ஸ்பானர் கையைச் சுட்டது. கையுறை கீழே பையில் கிடக்கிறது. அவன் இறங்கவில்லை. சுடட்டும் என்று இருந்தது.

மணி நாலேகால். தொழிலாளர் கேம்பின் மொட்டைமாடியில் இன்னும் செருப்பு ஒட்டியது.

பிரகாசத்தை ஆம்புலன்ஸில் கொண்டுபோய் அரை மணி ஆகிறது. அவன் கேம்புக்கு வரும் வழியில் அந்த வண்டி எதிரேதான் வந்தது. யாருக்கோ என்னமோ என்று நினைத்தான்.

மாடியில் பெட்டியாக உட்கார்ந்திருக்கும் இந்த ஏசி யூனிட்தான் கீழே ஆறு அறைகளுக்கும் குளிர்காற்று அனுப்புகிறது. அதன் உச்சியில் ஒரு காற்றாடி. காற்றாடிக்கு ஒரு மோட்டார்; அது இல்லாவிட்டால் ஏசி ஓடாது. இப்போது புது மோட்டார் மாட்டுகிற அவன்தான் இருந்த மோட்டாரைக் காலையில் கழற்றிக்கொண்டு போனவன். அது ஃபோர்மேனுக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும்.

வயர்களைச் சேர்க்கப் போனைத் திறந்தான். கழற்றும் முன்பு எந்த வயர் எங்கே என்று படம் எடுத்துவைப்பது அவன் வழக்கம். படத்தின் மேல் நேரம் இருந்தது. ஒன்பது பன்னிரண்டு.

மதியமே வேறொன்று மாட்டிவிடலாம் என்றுதான் கழற்றினான். இதைச் சொன்னால் யார் கேட்பார்கள்? கேட்டால்தான் என்ன ஆகிவிடப்போகிறது?

நகரத்தில் சோபா விற்கும் ஷோரூமில் மோட்டார் எரிந்துவிட்டது. இன்றைக்கென்று பார்த்து முதலாளி வருகிறார். ஃபோர்மேன் போனில் குதித்தார். ஸ்டோரிலிருந்து புதுசு வர மதியம் ஆகும், இப்போதைக்குக் கேம்பிலிருந்து ஒன்றைக் கழற்று, புதுசை அங்கே மாட்டிக்கொள்ளலாம், பகலில் அங்கே யார் இருக்கிறார்கள் என்றார்.

ஒருத்தன் இருந்தான்.

ரொட்டி ஃபாக்டரியில் இரவு முழுக்க அடுப்பின் முன் நின்றுவிட்டு, காலை ஏழு மணிக்கு வந்து படுக்கிறவன் பிரகாசம். வரும்போது, அதே கேம்பில் தங்கும் ஏசி மெக்கானிக்கான அவனுக்கென்று ஒரு பன் கொண்டுவருவான். அதைக் கையில் கொடுத்து, ராத்திரி நீ விட்ட குறட்டை ஃபாக்டரி வரைக்கும் கேட்டது என்று ஏதாவது வம்பிழுத்துவிட்டுத்தான் தூங்கப் போவான்.

அவன் பிரகாசத்தின் கதவு வரை போனான். தட்டக் கையைத் தூக்கினான்.

கேம்பில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறவனை யாரும் எழுப்பக் கூடாது. வாய் ஓயாத ஆள்கூட அந்தக் கதவைத் தாண்டும்போது பேச்சை நிறுத்திக்கொள்வான். ஜன்னலில் அட்டை ஒட்டி, கதவிடுக்கில் துணி செருகி, பகலை இருட்டாக்கிக்கொண்டு தூங்குகிற ஆள். பாவம், தூங்கட்டும்.

மூன்று மணி நேரம்தானே.

ஒரு ஆள்தானே.

கையை இறக்கிக்கொண்டான். ஏணியில் ஏறினான்.

அந்தக் கையை நினைத்தால் இப்போது ஆத்திரமாக வருகிறது. அழுகை வரவில்லை. ஆத்திரம்தான்.

புது மோட்டார் சொன்னபடி பன்னிரண்டு மணிக்கு வந்துவிட்டது. கோடையில் பன்னிரண்டு முதல் மூன்று வரை வெயிலில் வேலை செய்யக் கூடாது என்பது இந்த வளைகுடா நாட்டு அரசாங்க உத்தரவு. அதைக் காற்றில் பறக்கவிட்டு எத்தனையோ முறை மாடி ஏறியிருக்கிறான். ஃபோர்மேன் கண்ணைக் காட்டினால் போதும். இன்றைக்கு மட்டும் உத்தமனாக அதை மதித்தான்.

ஷோரூமின் பின்பக்கம் காலி அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்தான். மேலிருந்து ஜில்லென்று காற்று வந்தது. கேம்பின் மோட்டார் அங்கே நன்றாகத்தான் ஓடியது.

போர்த்திக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று கையால் தேடியது நினைவிருக்கிறது. அதற்குள் தூங்கிவிட்டான்.

வயர்களைச் சேர்த்து டேப் சுற்றினான். காற்றாடியைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். எங்கும் உரசவில்லை. வேலை சுத்தமாக இருந்தது. அதுவே வெட்கமாக இருந்தது.

ஏணியில் யாரோ ஏறி வந்தார்கள். மெஸ்ஸில் சமைக்கும் துரைக்கண்ணு அண்ணன். மூன்றரை மணிக்கு டீ எடுத்துக்கொண்டு பிரகாசத்தின் கதவைத் திறந்து, வெக்கையில் மயங்கிக் கிடந்தவனைப் பார்த்தவர் அவர்தான். கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது.

அவன் கேட்கும் முன்பே தலையை அசைத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

யூனிட்டின் நிழலில் குந்தினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"வண்டில ஏத்தும்போது கண்ணு முழிச்சான்ப்பா. காலைல ஏசி நின்னதுமே தூக்கம் கலைஞ்சிருச்சாம். எந்திரிச்சு மெஸ்ஸுல வந்து படுத்துக்கலாம்னு நெனச்சிருக்கான். மேல நடக்குற சத்தம் கேட்டுச்சாம். நம்ம பயதான் ஏறியிருக்கான், சரி பண்ணாம எறங்க மாட்டான்னு திரும்பிப் படுத்துட்டானாம்."

அவன் சுவிட்சைப் போட்டான்.

காற்றாடி ஒருமுறை தயங்கிவிட்டுச் சுழன்றது. கீழே ஆறு அறைகளுக்கும் காற்று போக ஆரம்பித்தது.

அண்ணன் பாட்டிலின் மூடியைத் திருகி அவன் பக்கம் நீட்டினார்.

"அவன் சொன்ன மாதிரியே பண்ணிட்ட. அப்படி என்னப்பா கோளாறு அதுல?"

மோட்டார் எரிந்துவிட்டது என்று சொன்னால் போதும். இந்த வெயிலில் எரியாத மோட்டார் எது? மறு கேள்வி கேட்க யாரும் இல்லை. ஃபோர்மேனும் அதைத்தான் சொல்லப்போகிறார்.

"கோளாறு ஒண்ணும் இல்லண்ணே," என்றான். "நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. காலைல நான் ஏறினது கழட்டிட்டுப் போக."