தூசு இல்லாத வீடு

“தனிக்குடித்தனம் போகணும்.”

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா, பிள்ளை இருவர் கையும் அப்படியே நின்றது. மயிலத்துக்குப் பக்கத்தில் இந்த ஊருக்குக் கலைமதியைக் கட்டிக் கொடுத்தபோது அவள் அம்மா சொல்லி அனுப்பியது ஒன்றுதான். “எதை வேணா கேளு, அதை மட்டும் கேட்டுடாத.”

கேட்டுவிட்டாள். குரலில் கோபம்கூட இல்லை. அது எப்போதோ மரத்துப்போயிருந்தது.

“காலேஜ் படிச்ச பொண்ணு வேணாம்னு தலைப்பாடா அடிச்சிக்கினேன், கேட்டியாடா?” என்றார் மாமனார் கோதண்டபாணி. வாசலில் மல்லாட்டை உடைக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தில் பாதி இடம் வேர்க்கடலை மூட்டை. சொம்புத் தண்ணீரிலும் தூசு மிதந்தது.

“இப்ப என்ன ஆச்சு கலை?” என்றான் கணவன் கோகுலகிருஷ்ணன்.

“இதுல மனுஷங்க மூச்சு விட முடியுமா? விடிஞ்சா தும்மல், படுத்தா மூக்கடைப்பு. மாத்திரை, ஸ்பிரேலாம் அப்போதைக்குத்தான், தூசைவிட்டு விலகினாதான் மூக்கு திறக்கும்னு விழுப்புரம் டாக்டர் சொல்லிட்டாரு.”

“எனக்குத் தெரியவே தெரியாதே.”

“எப்படித் தெரியும்? சீசன் பூரா களத்துலதான படுக்கிறீங்க.”

“நொச்சி எல போட்டு ஆவி பிடிக்கிறதுதான?”

“பிடிச்சாச்சு. மெளகு மென்னாச்சு, நல்லெண்ணெய் விட்டாச்சு. போன வாரம் கல்யாணத்துக்குத் திண்டிவனம் போய்த் தங்குனோமே, ஒரு தும்மல் உண்டா? அங்கதான் படுத்துத் தூங்கினது. இங்க உக்காந்துகினேதான் தூக்கம்.”

கோதண்டபாணி சிரித்தார். “நல்ல சாக்குடா இது! உங்க அத்தை முப்பது வருஷமா இதே தூசுலதான் நிக்கிறா. ஒரு நாள் வாயத் தொறந்திருப்பாளா?”

“இல்ல மாமா. தொறக்கல.”

அடுப்படி நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மாமியார் கிருஷ்ணவேணி, முந்தானையால் கண்ணைத் துடைத்து மூக்கை உறிஞ்சினாள்.

“பாரு, பெத்தவ அழுவுறா. கொழம்பு தீஞ்சு வீடே நாறுது, அடுப்பு பக்கத்துலயே இருந்தும் அவளுக்குத் தெரியல. புள்ளைய பிரிக்கிறியே, நல்லா இருப்பியா நீ?”

கலைமதி எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

“திண்டிவனத்துல ஸ்டேஷன் பக்கம் வீடு பாத்தாச்சு. வாடகை என் சம்பளம். நான் வேலை பாக்கிற லேபுக்கு நடந்தே போயிடலாம். பர்மிஷன் கேக்கல மாமா, தகவல் சொல்றேன்.”

கோகுலகிருஷ்ணன் அப்பாவைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். தட்டிலேயே கையைக் கழுவினான்.

“சரி, ஜல்தியா என் துணியையும் எடுத்து வை. நானும் வர்றேன்.”

“போங்க, ரெண்டு பேரும் போங்க!” கோதண்டபாணி தட்டைத் தள்ளினார். “எனக்குச் சோறு போட என் பொண்டாட்டி இருக்கா.”

கலைமதி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். மல்லாட்டைத் தோல் குவியலைத் தாண்டி நின்று, அவசரமாகச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“உங்க மூக்கு நல்லாத்தானங்க இருக்கு? அத்தை, நீங்க வாங்க, பஸ்சு வந்துரும்.”