உப்பு வைத்த இலைகள்

கல்யாணப் பந்தியில் இலைதோறும் உப்பு வைத்துக்கொண்டு வந்தவர் என் பக்கத்து இலையோடு நிறுத்திக்கொண்டார். என்னையும் எனக்கு அப்பால் இருந்தவர்களையும் தாண்டிப் போனார். மறந்துவிட்டாரோ என்று கூப்பிட்டேன். "சாம்பார்லயே உப்பு இருக்குங்க, உங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்றார். உண்மைதான். கூட்டு, அப்பளம், வடை எல்லாமே எங்களுக்கும் வந்தன. ருசியிலும் குறையில்லை. எதை வைத்துப் பிரித்தார்கள் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து இலை செண்பகராமனுடையது. எங்கள் எதிர்வீட்டுக்காரர், ஒரே ஆட்டோவில் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தோம். "அண்ணே, ஒரு சிட்டிகை எடுத்துக்கிறேன்" என்று விரலை நீட்டினேன். சாப்பிடும்போது இடது கை இலையில் படக்கூடாது என்று பிள்ளைகளை அதட்டுகிற மனிதர், இடது கையால் உப்பைப் பொத்திக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பாயசம் வரும்வரை அந்தக் கையை எடுக்கவும் இல்லை. "எந்திரிச்சுப் போயிரலாங்க" என்றாள் என் மனைவி வடிவு, காதோரமாக. "உப்புக்காகவா?" என்றேன். அவள் மறுபடி சோற்றைப் பிசையத் தொடங்கினாள். எங்கள் ஊர்ப்பக்கம் கல்யாண வீட்டில் சாப்பிட்ட இலையைத் தன்னை நோக்கி மடிப்பார்கள்; எதிர்ப்பக்கமாக மடிப்பது சாவு வீட்டில் மட்டும்தான். செண்பகராமன் முதலில் எழுந்தார். உப்பு வைத்த இலைக்காரர்கள் எல்லோரும் அவரோடு எழுந்தார்கள். யாரும் சொல்லாமலே அத்தனை பேரும் இலையை எதிர்ப்பக்கமாக மடித்தார்கள். நாங்கள் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.