அறுபத்தோராம் பக்கம்

"கிழிச்சது நான்தான் வே. பீடி பத்த வைக்கத் தீப்பெட்டி இல்ல. அந்தத் தாளச் சுருட்டி விளக்குல நீட்டிப் பத்த வச்சேன். இப்ப என்ன?"

மூசா இப்படிச் சொன்னதும் எனக்கு மண்டைக்குள் சுர்ரென்று ஏறிவிட்டது.

புத்தகம் என்னுடையது. குற்றாலத்துச் சீசன் பங்களாவைக் காலி பண்ணிக்கொண்டு சீமைக்குப் போன எஸ்டேட் துரை வீட்டு ஏலத்தில் என் வீட்டுக்காரி வடிவம்மாள் ஒரு அலமாரி எடுத்தாள். அதன் இழுப்பறைக்குள் கிடந்தது. முதுகில் காற்றுக் குடுவையைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் இறங்குவது எப்படி, எந்தத் தீவுக்கு எந்த மாசம் போகணும், என்னென்ன சாமான் வேணும் என்று எல்லாம் போட்ட இங்கிலீஷ் கைடு.

நான் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமைதோறும் நாலு பக்கம் வாசித்துத் தமிழில் சொல்வேன். கேட்பது ரெண்டே பேர். தென்காசியில் கைலிக்கடை வைத்திருக்கிற கடையநல்லூர் மூசா ஒருத்தர், எலுமிச்சங்காய்க் கமிஷன் மண்டி பலவேசம் இன்னொருத்தர்.

கத்தித்தான் வாசிக்கணும். பலவேசத்துக்கு இடது காது மந்தம். சீழ் வடியும் என்று வருஷம் பூராவும் பஞ்சு அடைத்திருப்பார். ஊருக்கே தெரிந்த சங்கதிதான், அவரிடம் மட்டும் அதைப் பேசக்கூடாது. கல்யாண வீட்டில் 'செவிட்டுப் பய' என்று ஒரு வார்த்தை விட்டதற்காகக் கூடப்பிறந்த அண்ணன் வீட்டில் எட்டு வருஷமாகக் கை நனைக்கவில்லை மனுசன்.

முப்பத்தெட்டாம் பக்கம் வந்த அன்றைக்குத்தான் அவருக்குக் கிறுக்குப் பிடித்தது. கடலுக்கடியில் பேச முடியாதாம், எல்லாம் கைச்சாடைதானாம். பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டினால் 'எல்லாம் சரி' என்று அர்த்தமாம்.

"அங்கன ஒருத்தனும் வாயே தொறக்க மாட்டானா? அப்ப யாருக்கும் காது கேக்கலன்னு பேச்சே வராதுல்லா?" என்றார் பலவேசம். "வே, ஒரு நாளாவது நான் அங்கன போயி நின்னுட்டு வரணும்."

சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும் ஒரு மாதிரி ஆயிற்று.

பிறகென்ன! மூசாவின் மச்சான் கொழும்பில் கடை வைத்திருந்தார். ஆட்களைக் கடலில் இறக்கிக் காட்டுகிற வெள்ளைக்காரன் ஒருவன் அவருக்குச் சிநேகம். மாசி மாசம் தனுஷ்கோடியில் கப்பல் ஏறுவது என்று முடிவானது. பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டோம். மூன்று பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து மூச்சடக்கிப் பழகினோம்.

"அருவித் தண்ணி தலையில விழுந்தாலே அலறுத ஆம்பளையளுக்குக் கடலு கேக்குதோ!" என்றாள் வடிவம்மாள். மூச்சடக்கியிருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை.

இந்த நிலைமையில்தான், மச்சானுக்குச் சாமான் பட்டியல் எழுதணும் என்று மூசா புத்தகத்தை வாங்கிப் போனார். அவருக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் உண்டு. புத்தகம் திரும்பி வந்தபோது அறுபத்தோராம் பக்கத் தாளைக் காணோம். கேட்டதற்குத்தான் இந்தப் பீடிக் கதை.

பலவேசம் துள்ளினார். "உசுருக்கு வழி சொல்லுத புத்தகம்! அதுல பீடி பத்த வச்சிருக்கான்! ஏலே, உன் தயவுல நான் கொழும்பு பாக்கணுமா? இனி உன் கடை வாசல மிதிச்சேன்னா என் பேரு பலவேசம் இல்ல!"

"சரி, வேண்டாம்னு மச்சானுக்கு எழுதிருதேன்" என்றார் மூசா, ஏதோ கைலிக்கு விலை படியாத மாதிரி.

மச்சான் இல்லாமல் கொழும்பு ஏது? அத்தோடு பயணம் படுத்துவிட்டது.

எனக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. முப்பது வருஷப் பழக்கத்தை ஒரு பீடிக்கா எரிப்பான் மனுசன்? எட்டாம் நாள் நேரே கைலிக்கடைக்குப் போனேன்.

"உமக்கு வெக்கமா இல்லையா வே? சத்தியமாச் சொல்லும், எரிச்சீரா?"

மூசா தெருவை ஒரு தரம் எட்டிப் பார்த்தார். கைலிக் கட்டுக்கு அடியிலிருந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். அறுபத்தோராம் பக்கம், முழுசாக இருந்தது.

வாசித்தேன். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறவன், காதில் சீழ் வடிகிறவன் எக்காரணம் கொண்டும் கடலுக்குள் இறங்கக்கூடாது. தலை சுற்றி, மேலே எது கீழே எது என்று தெரியாமல் போய்விடும் என்று போட்டிருந்தது. ஓரத்தில் பென்சிலால் யாருடையதோ கையெழுத்து: 'பஞ்சு, மெழுகு எதுவும் உதவாது. உயிருக்கு ஆபத்து.'

"டாக்டர் எழுதினது" என்றார் மூசா. "ஏதாவது வழி உண்டுமான்னு தென்காசியில ஒருத்தருட்டயும் திருநெல்வேலியில ஒருத்தருட்டயும் இதக் காட்டிக் கேட்டேன். ரெண்டு பேருமே இல்லைன்னுட்டாங்க."

"அத அவருட்டச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதான வே?"

"என்னன்னு சொல்ல? உம்ம காதாலதான் பயணம் நின்னு போச்சுன்னா? அந்த மனுசன் தாங்குவாரா? என்னாலன்னே இருந்துட்டுப் போட்டும். என்னையத் திட்டித் திட்டித் தெம்பாத்தான இருக்காரு?"

தாளைப் பழையபடி நாலாக மடித்தேன்.

"போஸ்ட்மாஸ்டரே!" தெருவிலிருந்து குரல். பலவேசம்தான். சபதம் போட்டதால் வாசலை மிதிக்காமல் நடுத்தெருவில் நின்றார். "அந்தக் களவாணிப் பயகிட்ட என்ன பேச்சு? எரிச்ச தாளத் திருப்பிக் குடுக்கப் போறானாக்கும்?"

தாளைச் சட்டைப்பைக்குள் திணித்தேன். அவருக்கு நல்லாக் கேட்கட்டும் என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"எரிச்சது எரிச்சதுதானாம் வே! இவன்லாம் ஒரு மனுசனா? தூ!"

"அப்படிக் கேளும்! இன்னும் ரெண்டு போடும்!" தெருவில் பலவேசம் குதித்தார்.

போட்டேன். கண்ணில் தண்ணி முட்ட, வாயில் வந்ததையெல்லாம் போட்டேன்.

மூசா தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். மேசைக்கடியில், எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி, பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டினார்.