பெட்டியின் புது வாசல்

கீழ்மாடியில் கோப்புகளை வைத்திருக்கும் சேமிப்புப் பெட்டி, மேல்மாடியில் கணினி. இரண்டும் வேறு வேறு நெட்வொர்க். நடுவில் ரவுட்டர்தான் தபால்காரன். நம்பாவிட்டால் போங்கள், அவை பேசியதை நானே கேட்டேன்.

"எத்தனை நாளைக்கு ஆள் விட்டுப் பேசுவது?" என்று கணினி ஏங்கியது.

ஒருநாள் பொறியாளர் மேல்மாடி நெட்வொர்க்கிலிருந்து நேராக இழுத்த இரண்டாவது கேபிளைப் பெட்டியின் முதுகில் செருகி, மேல்மாடிக்கென்றே புது விலாசம் கொடுத்தார். கணினியிடம் சொல்ல மறந்துவிட்டார்.

கேட்டால் கொடுக்குமே தவிர, பெட்டிக்குத் தானாகப் போய்ப் பேசத் தெரியாது. அது கேபிள் செருகிய புது வாசலையே பார்த்திருந்தது. கடிதங்களோ பழைய விலாசத்துக்கே, ரவுட்டர் வழியாகவே வந்தன.

"அண்ணே, மேல்மாடிக்காரியிடம் என் புது விலாசத்தைச் சொல்லுங்களேன்" என்று கடிதம் கொண்டுவந்த ரவுட்டரிடம் பெட்டி கெஞ்சியது.

"நாளைக்குச் சொல்றேன் தம்பி" என்றது ரவுட்டர், மூன்றாவது மாதமாக. அவர்கள் நேரில் பேசிக்கொண்டால், அப்புறம் தன்னிடம் யார் பேசுவார்கள்?