இரண்டாவது லெவல்

சௌமியாவுக்குக் கவலையே இல்லை. பிரியாணிக்கு இன்னும் கொஞ்சம் கத்திரிக்காய் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சூரியபிரகாஷுக்கோ ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

ஆம்பூரில் ஒரு சின்ன சமுதாயக் கூடத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் போட்டி. அரசாங்கம் எல்லாரும் பார்க்கட்டும் என்று இணையத்தில் போட்டுவைத்திருக்கும் விவரங்களை எடுத்து, ஊர்ப் பிரச்சினை ஒன்றை வீடியோ கேமாகச் செய்ய வேண்டும். இவர்கள் இருவரும் எடுத்தது தெருவாரியான மின்வெட்டு நேரக் கணக்கு. வீட்டில் மெஷின் போட்டு ஷூ தைக்கும் பெண், கரண்ட் போவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். அதுதான் கேம்.

முதல் லெவல் ஜோராக வந்திருந்தது. இரண்டாவது லெவல் வரவே இல்லை, பட்டனை அமுக்கினால் வெறும் வெள்ளைத் திரைதான்.

பரிசு இல்லாமல் வந்தால் திங்கட்கிழமையிலிருந்து மாமாவோடு பேரணாம்பட்டு தோல் கம்பெனிக்குப் போக வேண்டும் என்று சூரியபிரகாஷின் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தோல் நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாமாவின் அறிவுரையை எவனால் பொறுக்க முடியும்?

"காலையில மொத ஆளா காட்டியிருந்தா, ஜட்ஜ் அவசரத்துல பாத்துட்டுப் போயிருப்பாரு. அந்த எடத்தையும் ஷர்மிளா டீமுக்குத் தூக்கிக் குடுத்துட்டு, நம்பள கடைசியில தள்ளிட்ட," என்று பொருமினான்.

"மொதல்ல சாப்புடுடா," என்றாள் சௌமியா.

சாப்பாடு முடிந்தது. நடுவர் ஜான்சன் வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

"மெதுவா ஆடுங்க சார், அவசரமே இல்ல," என்றாள் சௌமியா.

மனிதர் மூழ்கியே போனார். கேமில் மெஷின் ஓட ஓட, மேசைக்கடியில் அவர் காலும் சேர்ந்து மிதித்தது. கடைசி ஜோடியைத் தைத்து முடித்து, அடுத்த லெவலுக்கான பட்டனுக்கு விரலைக் கொண்டுபோனார்.

சூரியபிரகாஷ் கண்ணை இறுக மூடிக்கொண்டான். மூடிய கண்ணுக்குள்ளே மாமா சிரித்துக்கொண்டிருந்தார்.

கண்ணைத் திறந்தபோது ஃபேன் நின்றிருந்தது, கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. தெருவுக்கே கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் வைக்கிற அளவுக்கு அது பெரிய கூடமும் இல்லை.

"அடச்சே, நல்லாப் போய்ட்டு இருந்திச்சி," என்று ஜான்சன் மேசையைத் தட்டினார். "அந்தம்மா படுற பேஜாரு இப்பத்தான்பா புரியுது."

மீதியையும் ஆடிப் பார்க்க ஆசையோடு காத்திருந்தார். கரண்ட் வருவதாக இல்லை, அவருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. முதல் பரிசை இவர்களுக்கே கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

வாசலில் சூரியபிரகாஷ் கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

"கரெக்டா அந்த நேரத்துல போச்சு பாரேன். இன்னா அதிர்ஷ்டம் நமக்கு."

"அதிர்ஷ்டமா? இந்தத் தெருவோட கணக்கப் பாத்துட்டுத்தானடா கடைசியில நின்னோம்."