வளையல் சொன்ன பதில்

"வாசல்லயே கட்டிலைப் போட்டுட்டேன். இனிமே யாரு எப்படி ஓடுறான்னு பார்த்துடலாம்!"

தேவ்கரண் ஹுக்காப் புகையை இழுத்துக்கொண்டே அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. மருமகளின் முகம் பார்த்துப் பேசும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. அவளுக்கு முகத்தை மூடி மார்பு வரை தொங்கும் முக்காடு. இவருக்குத் தரையைப் பார்க்கும் பார்வை. மாமனாரிடம் அவள் வாய் திறக்கவும் கூடாது. வளையல் ஒருமுறை குலுங்கினால் 'சரி', இரண்டு முறை குலுங்கினால் 'இல்லை'. அவ்வளவுதான் பேச்சு.

இன்று பக்கத்து நகரமான ரோத்தக்கில் போலீஸ் வேலைக்கு ஓட்டத் தேர்வு. மருமகள் ரீத்து, மாமியார் பத்தேரியைத் தூது அனுப்பி ஒரு வாரமாக அனுமதி கேட்டுப் பார்த்தாள். பட்டாளத்தில் இருக்கும் மகன் சுமேரும் போனில், "போகட்டுமேப்பா" என்றான். இவர் மசியவில்லை. தன் வீட்டு மருமகள் ஊர் பார்க்க மைதானத்தில் ஓடினால், பஞ்சாயத்தில் எந்த முகத்தோடு உட்காருவது?

காலையில் பத்தேரி வேறு, நேற்றே சொன்னபடி பையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். தெரு முழுக்கப் பெரியவர்கள் வீடு என்பதால், வாசல் தாண்டினால் அவளுக்கும் முக்காடு உண்டு.

"போ, போ. ரெண்டு நாள் வீடு அமைதியா இருக்கும்" என்று சீண்டினார். ஒன்றுக்கு ஒன்பது பதில் சொல்பவள் வாயே திறக்காமல் போனாள். கோபம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்.

மதியம் தட்டு அவர் முன் நகர்ந்து வந்தது. சூடான ரொட்டி, பருப்பு. ஒரு வாய் வைத்தார்.

"அடடா! இதுதாம்மா பருப்பு! உங்க அத்தையும் முப்பத்தஞ்சு வருஷமா வைக்கிறா. எருமைக்கு ஊத்தினா எருமையே மூஞ்சியைத் திருப்பிக்கும். அவகிட்ட மட்டும் சமையல் கத்துக்காதே, சரியா?"

வளையல் ஒருமுறை குலுங்கியது. கொஞ்சம் பலமாகவே. அடுத்த ரொட்டி தட்டில் தொப்பென்று விழுந்தது.

"அவளுக்கு வாய்தான் நீளம். உன்னை மாதிரி பேசாத ஒருத்தி எனக்கு வாய்ச்சிருந்தா, என் தலையில இன்னும் முடி இருந்திருக்கும்."

அடுப்படியில் ஏதோ பாத்திரம் உருண்டது.

ஓட விடாத கோபம் என்று நினைத்துக்கொண்டார். அவருக்கே மனசு கேட்கவில்லை. நல்ல பெண்தான், பாவம்.

"வருத்தப்படாதேம்மா. ஓடுறதுல என்ன இருக்கு? இந்த வீட்டுல உனக்கு ஏதாவது குறை உண்டா?"

வளையல் ஒருமுறை குலுங்கி நின்றது. இன்னொருமுறை குலுங்கும் என்று காத்திருந்தார். குலுங்கவில்லை.

சாயங்காலம் தம்பி மகன் ரண்பீர் இனிப்புப் பொட்டலத்தோடு ஓடிவந்து, அவர் வாயில் ஒரு லட்டைத் திணித்தான்.

"பெரியப்பா! தங்கச்சியை ஓட்டத் தேர்வுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு ரோத்தக்லேர்ந்துதான் வரேன். அவ பாதியிலேயே மூச்சு வாங்கி நின்னுட்டா. நம்ம ரீத்து அண்ணிதான் முதல்ல வந்தாங்க!"

தேவ்கரணுக்குச் சிரிப்பில் லட்டு புரையேறியது.

"டேய், வெயில்ல சுத்தாதேன்னா கேக்குறியா? என் மருமக காலையிலேர்ந்து என் காவல்லதான் இருக்கா. மருமகளே, குலுக்கிக் காட்டும்மா!"

வளையல் குலுங்கவில்லை. முக்காடுதான் மெல்ல விலகியது.

"உங்க மருமக காலையில உங்க எதிர்லயே என் பையைத் தூக்கிட்டுப் போயிட்டா, சுமேரோட அப்பா" என்றாள் பத்தேரி, கரண்டியைக் கையில் எடுத்தபடி. "இப்ப அந்த எருமை விஷயத்தைக் கொஞ்சம் என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."