இடது கை இழுத்த மீன்

பிஸ்கட்டவே நகரத்திலிருந்து ஒரு மணி நேரம் வடக்கே இருக்கும் நீர்த்தேக்கத்தின் மேல் ஜூலை மாத வெயில் இப்போதுதான் ஏறுகிறது. வாடகைப் படகின் முனையில் கிருபாராணி தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறாள். போன வருடம் வந்த பக்கவாதத்தில் அவளுடைய இடது கை மரத்துப்போனது. விரல்கள் மடங்கத் தொடங்கியே இரண்டு மாதம்தான் ஆகிறது. ரீலைச் சுற்ற வேண்டியது அந்தக் கைதான். முப்பதடி தூரத்தில் தண்ணீர் திடீரென்று உலைபோலக் கொதிக்கிறது. பொடிமீன்கள் சிதறித் துள்ள, கடற்காகங்கள் கத்திக்கொண்டு இறங்குகின்றன. தூண்டில் கம்பு வளைகிறது, ரீல் கிறீச்சிடுகிறது. “வால்ஐ மீனா இருக்கும் ராணி. இங்க குடு, நான் ஹேண்டில் பண்றேன்” என்று அவள் கணவன் ஜெபதாஸ் எழுந்ததில் படகு ஆடுகிறது. “வேணாம். நீங்க நெட்டை ரெடியா வைங்க.” விரல்கள் கைப்பிடியிலிருந்து வழுக்குகின்றன. ஒவ்வொன்றாக மடித்து மறுபடி பிடித்துச் சுற்றுகிறாள். மீன் படகுக்கு அடியில் பாய்கிறது. நூலை ஓடவிட்டு, அது தளர்ந்ததும் திரும்பவும் சுற்றுகிறாள். மேலுதட்டில் வியர்வை பூக்கிறது, ஆனால் சுற்றுவது நிற்கவில்லை. ஜெபதாஸ் வலையைத் தூக்கும்போது வெள்ளி உடம்பில் கறுப்புக் கோடுகள் ஓடும் பெரிய மீன் ஒன்று வாலால் அடித்து இருவர் முகத்திலும் தண்ணீரை இறைக்கிறது. “வால்ஐ இல்லங்க. கோடு இருக்கு பாருங்க, இது வைப்பர் மீன்” என்கிறாள், மூச்சு வாங்க. அவன் மீனைப் பார்க்காமல் அவள் கையைப் பார்க்கிறான். “வலிக்குதா ராணி?” சிவந்துபோன உள்ளங்கையை வெயிலில் விரித்துப் பிடித்துக்கொண்டு அவள் சிரிக்கிறாள். “வலிக்குதுங்க. நல்லா வலிக்குது.”